2-இன் அடுக்குகளில் கடைசி இலக்கம் சுற்றுகிறது, சரி, முதல் இலக்கம்?

கொருக்குப்பேட்டை வாசகி

அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். ‘7^2023-இன் ஒன்றாம் இலக்கம் என்ன?’, அதாவது 2023 ஏழுகளை ஒன்றோடொன்று பெருக்கினால் வரும் கடைசி இலக்கம் என்ன, என்று வகுப்பில் கேட்டால் எல்லோரும் கை தூக்கிவிடுகிறோம். அடுக்கை 4-ஆல் வகுக்க வேண்டும். மீதி 1 என்றால் விடை 7; மீதி 2 என்றால் 9; மீதி 3 என்றால் 3; மீதியே இல்லை என்றால் 1. 2023-ஐ வகுத்தால் மீதி 3, ஆகவே விடை 3. முடிந்தது.

ஆனால் ஏன் 4? 2, 3, 7, 8 எல்லாவற்றுக்கும் நான்கு நான்காகத்தான் சுற்றுகிறது. 4-க்கும் 9-க்கும் மட்டும் இரண்டு. பயிற்சி வகுப்பில் கேட்டதற்கு, “அது அப்படித்தான் அம்மா, அடுத்த கணக்குக்குப் போ” என்றார்கள். போக மனம் வரவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. 2-இன் அடுக்குகளின் கடைசி இரண்டு இலக்கங்களை மட்டும், 2^2-இல் தொடங்கிப் பத்துப் பத்தாக எழுதினேன்.

04, 08, 16, 32, 64, 28, 56, 12, 24, 48
96, 92, 84, 68, 36, 72, 44, 88, 76, 52

52-க்குப் பிறகு மறுபடி 04. இப்போது மேல் வரிசையையும் கீழ் வரிசையையும் நேருக்கு நேர் கூட்டிப் பாருங்கள். எல்லாமே 100! தற்செயல் என்று சொல்ல வருபவர்கள் காரணத்தோடு வரவும்.

பெரம்பூர் கணக்கு டீச்சர்

வாசகி, உங்கள் கேள்வியில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஏன் சுற்றுகிறது என்பது ஒன்று. ஏன் நான்கில் சுற்றுகிறது என்பது மற்றொன்று.

முதலாவது எளிது. ஓர் எண்ணை 7-ஆல் பெருக்கும்போது கிடைக்கும் கடைசி இலக்கத்துக்குப் பழைய கடைசி இலக்கம் மட்டும் தெரிந்தால் போதும்; முன்னால் எத்தனை இலக்கங்கள் வரிசைகட்டி நின்றாலும் அதற்கு அக்கறை இல்லை. இருப்பதோ பத்தே இலக்கங்கள். எழுதிக்கொண்டே போனால் பதினோராவது அடிக்குள் ஏற்கெனவே வந்த ஒன்று திரும்பி வந்தே தீர வேண்டும். வந்துவிட்டால், போன முறை அதற்குப் பின் வந்தவையே இந்த முறையும் வரும். கடைசி இரண்டு இலக்கங்களை எடுத்தாலும், இருபது இலக்கங்களை எடுத்தாலும் இதே நியாயம்தான்.

இரண்டாவதுதான் சுவையானது. எந்த முழு எண்ணை எடுத்தாலும் அதன் ஐந்தாம் அடுக்கு அந்த எண்ணின் இலக்கத்திலேயே முடியும். 2^5 = 32, 3^5 = 243, 7^5 = 16807, 8^5 = 32768, 9^5 = 59049. ஏன்? எண்ணை ‘அ’ என்று வைத்துக்கொள்ளுங்கள். அ^5 − அ என்பதைக் காரணிப்படுத்தினால்:

அ × (அ − 1) × (அ + 1) × (அ^2 + 1)

அ-வும் அ − 1-உம் அடுத்தடுத்த எண்கள்; ஒன்று இரட்டை எண்ணாகத்தான் இருக்கும். ஆகவே 2-ஆல் வகுபடும். அ-வை 5-ஆல் வகுத்தால் மீதி 0, 1, 4 என்று வந்தால் முதல் மூன்று காரணிகளில் ஒன்று 5-ஆல் வகுபடும். மீதி 2 என்றால் அ^2 + 1-க்கு 4 + 1 = 5; மீதி 3 என்றால் 9 + 1 = 10. தப்ப வழியே இல்லை. 2-ஆலும் 5-ஆலும் வகுபட்டால் 10-ஆல் வகுபடும். அதாவது கழித்தால் கடைசியில் 0. எனவே நான்கு அடி நடந்தால் புறப்பட்ட இலக்கத்துக்கே வந்துவிடுவோம். 4-உம் 9-உம் அந்த நான்கு அடிக்குள் இரண்டு முறை சுற்றிவிடுகின்றன. 0, 1, 5, 6 நின்ற இடத்தைவிட்டு அசைவதில்லை.

5-க்குப் பதில் எந்தப் பகா எண்ணை வைத்தாலும் இதுபோல ஒன்று உண்டு: அ-வின் அந்த அடுக்கிலிருந்து அ-வைக் கழித்தால் அந்தப் பகா எண்ணால் வகுபடும். பிரான்ஸ் நாட்டு ஃபெர்மா 1640-இல் ஒரு கடிதத்தில் இதை எழுதினார். நிரூபணம் நீண்டுவிடும் என்று அஞ்சி அனுப்பவில்லை என்பது அவர் சொன்ன சாக்கு. ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்து ஆய்லர் அதை நிரூபித்து வெளியிட்டார்.

ராயபுரம் ரயிலடி

100-க்கான விடை ஒரே எண்ணில் இருக்கிறது: 1025.

வாசகியின் அட்டவணையில் ஒவ்வோர் எண்ணுக்கும் நேர் கீழே இருப்பது பத்து அடுக்கு தள்ளி வருவது. 2^10 = 1024 என்பதால் அது மேலே இருப்பதைப் போல 1024 மடங்கு. இரண்டையும் கூட்டினால் 1025 மடங்கு. 1025 = 25 × 41. மேலே இருக்கும் எண் 4-இல் தொடங்கியது, ஆகவே எப்போதும் 4-ஆல் வகுபடும். 4 × 25 = 100. கூட்டுத்தொகை நூறின் மடங்காகத்தான் இருந்தாக வேண்டும். கடைசி இரண்டு இலக்கங்களை மட்டும் கூட்டினால் 200-ஐத் தொட முடியாது. எனவே சரியாக 100.

இதே கணக்கு இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கிறது. நீங்கள் ஏன் 2^1-ஐ விட்டுவிட்டு 2^2-இல் தொடங்க வேண்டியிருந்தது? 2 + 2048 = 2050. 2 என்ற எண் 4-ஆல் வகுபடாததால் சேரவில்லை. 02 என்ற முடிவு 2-இன் அடுக்குகளில் மறுபடி வரவே வராது. அந்த இடத்துக்கு வருவது 52.

உங்கள் கீழ் வரிசையில் இருக்கும் 76-ஐயும் கவனியுங்கள். 2^20 = 1048576. 76-இல் முடியும் எண்ணை அதே எண்ணால் எத்தனை முறை பெருக்கினாலும் 76-இல்தான் முடியும்.

வியாசர்பாடி விடியல்

எல்லோரும் 2-ஐயே பிடித்துத் தொங்குகிறீர்கள். 3-க்கு ஒரு புதிர். 27, 81, 243, 729, 2187, 6561, 19683… பத்தாம் இலக்கம் 2, 8, 4, 2, 8, 6, 8. எல்லாமே இரட்டை. ஒற்றை இலக்கம் வருமா, வராதா?

கொருக்குப்பேட்டை வாசகி

வராது. டீச்சர் சொன்ன முறையிலேயே 10-க்குப் பதில் 20-ஆல் வகுத்து மீதி பார்த்தேன். 3, 9, 7, 1. பிறகு மறுபடி 3. மீதி எப்போதும் பத்துக்குள் இருக்கிறது. இருபதின் மடங்கோடு ஒற்றை இலக்கத்தைக் கூட்டினால் பத்தாம் இலக்கம் இரட்டையாகத்தான் இருக்கும். 7-க்கும் இதேதான்: 07, 49, 43, 01.

காசிமேடு ஏலக்கணக்கு

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். நான் மீன் ஏலக் கணக்கை எக்செல்லில் எழுதுபவன். நீங்கள் சொல்வதை அதிலேயே போட்டுப் பார்த்தேன். 2^49 வரை ஒழுங்காக 2, 4, 8, 6 வருகிறது. 2^50-க்கு 1125899906842620 என்று காட்டுகிறது. 2^60-க்கு 1152921504606850000. கடைசியில் நான்கு பூஜ்யங்கள்! சுழற்சி ஐம்பதில் உடைகிறது. டீச்சர் நிரூபணம் என்று எழுதியது எங்கே போயிற்று?

ராயபுரம் ரயிலடி

அண்ணா, உடைந்தது எக்செல். அது ஓர் எண்ணில் முதல் 15 இலக்கங்களை மட்டும் காட்டும். அதற்கு மேல் இருப்பதைப் பூஜ்யம் போட்டு நிரப்பிவிடும். 2^49-க்கு 15 இலக்கங்கள், 2^50-க்கு 16. அதனால்தான் சரியாக அங்கே தடுக்கியது. 2^50-இன் உண்மையான மதிப்பு 1125899906842624. 2^60 என்பது 1152921504606846976. நான்கால் வகுபடும் அடுக்கு, 6-இல் முடிகிறது, பிசகு இல்லை.

2-இன் எந்த அடுக்கும் 0-வில் முடிய முடியாது என்பதை யோசித்தாலே போதும். 0-வில் முடிந்தால் 5-ஆல் வகுபட வேண்டும். 2-ஐ 2-ஆலேயே பெருக்கிக்கொண்டு போகும் இடத்தில் 5 எப்படி வரும்? முழு எண்ணும் வேண்டுமென்றால் பைத்தான் என்ற நிரல்மொழியில் போடுங்கள். எத்தனை இலக்கமானாலும் விடாமல் தரும். ஏலக் கணக்கு 15 இலக்கத்தைத் தாண்டாதவரை எக்செல்லால் உங்களுக்கு ஆபத்து இல்லை.

திருவொற்றியூர் எண்பித்தன்

கடைசி இலக்கத்தில் என்ன இருக்கிறது! இலக்கங்களைக் கூட்டிக் கூட்டி ஒற்றை இலக்கமாக்கிப் பாருங்கள். 2, 4, 8. 16 என்பது 7. 32 என்பது 5. 64 கூட்டினால் 10, அதாவது 1. பிறகு 128 கூட்டினால் 11, அதாவது 2. ஆக 2, 4, 8, 7, 5, 1 என்று முடிவில்லாமல் ஓடுகிறது. 3, 6, 9 மூன்றும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அவை இந்த ஓட்டத்துக்கு அப்பாற்பட்ட தெய்விக எண்கள். இதைக் கணித ஆசிரியர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

பழைய கணக்கர்

தம்பி, வாழ்நாள் முழுவதும் பேரேடு எழுதியவன் நான். 9-இன் குணம் எங்களுக்கு நன்றாகத் தெரியும். பற்று, வரவு இரண்டும் இடிக்கிறதா? வித்தியாசத்தை 9-ஆல் வகுத்துப் பார்ப்போம். மீதியில்லாமல் போனால், யாரோ இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதியிருக்கிறார் என்று முதலில் சந்தேகிப்போம். 5,730 என்பதை 5,370 என்று எழுதிவிட்டால் வித்தியாசம் 360. அது 9 × 40. எந்த இரண்டு இலக்கங்களை மாற்றினாலும் இப்படித்தான். அந்த வழியில் நள்ளிரவுக்கு முன் வீடு திரும்பிய நாட்கள் பல.

இதில் தெய்விகம் ஒன்றும் இல்லை. 10-ஐ 9-ஆல் வகுத்தால் மீதி 1. 100, 1000 எல்லாவற்றுக்கும் மீதி 1. ஆகவே ஓர் எண்ணை 9-ஆல் வகுத்து வரும் மீதியும் அதன் இலக்கங்களைக் கூட்டி 9-ஆல் வகுத்து வரும் மீதியும் ஒன்றே. நீங்கள் கூட்டிக் கூட்டிக் கண்டது 2-இன் அடுக்குகளை 9-ஆல் வகுத்த மீதியை. 3, 6, 9 வர வேண்டுமானால் அந்த எண் 3-ஆல் வகுபட வேண்டும். 2-இன் அடுக்கில் 3 என்ற காரணி ஏது? 3-இன் அடுக்குகளைக் கூட்டிப் பாருங்கள்: 9, 27, 81, 243… எல்லாம் 9. அங்கே 1, 2, 4, 5, 7, 8 வருவதே இல்லை. அப்படியானால் அவைதான் தெய்விகமா?

மண்ணடி அரிசிக்கடை

ஐயா சொன்னதும் எங்கள் தாத்தா சொல்லித்தந்த அளவைகள் நினைவுக்கு வந்தன. அவர் கொத்தவால்சாவடிக் காலத்து வியாபாரி. 2 ஆழாக்கு ஓர் உழக்கு. 2 உழக்கு ஓர் உரி. 2 உரி ஒரு படி. 8 படி ஒரு மரக்கால். 2 மரக்கால் ஒரு பதக்கு. 2 பதக்கு ஒரு தூணி. எல்லாமே 2-இன் அடுக்குகள். தூணி என்றால் 256 ஆழாக்கு, அதாவது 2^8. அடுத்து 3 தூணி ஒரு கலம் என்பார்கள். அங்கேதான் முதல் முறையாக 3 நுழைகிறது. 768 ஆழாக்கு, இலக்கங்களைக் கூட்டினால் 21, பிறகு 3. கலத்துக்குப் போகும்வரை எண்பித்தன் ஐயாவின் 3, 6, 9 வர வழியில்லை!

கீழே இறங்கினாலும் பாதி பாதிதான்: அரை, கால், அரைக்கால், வீசம். வீசம் பதினாறில் ஒன்று.

திருவொற்றியூர் எண்பித்தன்

3 என்ற காரணி இல்லை என்பது சரியே. ஆனால் 2, 4, 8, 7, 5, 1 என்ற வரிசை இயற்கையில் இருக்கிறதா இல்லையா?

பெரம்பூர் கணக்கு டீச்சர்

பத்து விரல் இருப்பதால் பத்துப் பத்தாக எண்ணுகிறோம். அந்த வழக்கத்தில் இருக்கிறது. எட்டு எட்டாக எண்ணும் முறையில் எழுதினால் இலக்கங்களைக் கூட்டும் வித்தை 7-ஆல் வகுத்த மீதியைக் காட்டும். அப்போது வரிசை 2, 4, 1 என்று சுருங்கிவிடும். அந்த முறையில் 8-க்கு மேற்பட்ட 2-இன் அடுக்குகள் பலவும் கடைசி இலக்கமாக 0-வைத்தான் காட்டும். உண்மையில் 8 முதல் எல்லாமே. எழுதும் முறையை மாற்றினால் மாறுவதை எண்ணின் குணம் என்று எப்படிச் சொல்வது? ‘2-இன் அடுக்கு 3-ஆல் வகுபடாது’ என்பது எந்த முறையில் எழுதினாலும் மாறாது. அதை நம்புங்கள்.

வியாசர்பாடி விடியல்

சரி, பின்னால் போதும், முன்னால் வாருங்கள். 1, 2, 4, 8, 16, 32, 64, 128, 256, 512. முதல் இலக்கங்கள் 1, 2, 4, 8, 1, 3, 6, 1, 2, 5. அடுத்த பத்தை எடுங்கள்: 1024, 2048, 4096, 8192, 16384, 32768, 65536, 131072, 262144, 524288. அதே 1, 2, 4, 8, 1, 3, 6, 1, 2, 5! 2^39 வரை பார்த்துவிட்டேன், அட்சரம் பிசகவில்லை. முதல் இலக்கத்துக்குச் சுழற்சி 10. இதற்கும் டீச்சர் ஒரு காரணம் வைத்திருப்பார்.

ராயபுரம் ரயிலடி

இன்னும் ஏழு அடி போயிருக்கலாம். ஏழாவது இடத்தை மட்டும் கீழ்நோக்கி எழுதுகிறேன், கண்ணை எடுக்காமல் பாருங்கள்.

2^6 = 64
2^16 = 65536
2^26 = 67108864
2^36 = 68719476736
2^46 = 70368744177664

64, 65, 67, 68, 70. பத்து அடுக்குக்கு ஒரு முறை 1000-ஆல் அல்ல, 1024-ஆல் பெருக்குகிறோம். அந்த 24 சும்மா இருக்குமா? ஒவ்வொரு சுற்றிலும் 2.4 சதவீதம் வட்டிக்கு வட்டியாக ஏறுகிறது. 2^46-இல் 6 இருக்க வேண்டிய இடத்தில் 7 உட்கார்ந்துவிட்டது. 7-இல் தொடங்கும் முதல் அடுக்கு அதுதான். 9-க்கு இன்னும் காத்திருக்க வேண்டும்: 8, 8192, 8388608 என்று நகர்ந்து 2^53-இல்தான் 9007199254740992 வருகிறது.

சுழற்சி 10 இல்லை என்றால் வேறு நீளத்தில் உண்டா? எந்த நீளமும் இல்லை. முதல் இலக்கங்கள் சரியாகத் திரும்ப வேண்டுமானால் 2-இன் ஏதோ ஓர் அடுக்கு 10-இன் அடுக்குக்குச் சமமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 1024-இல் வந்த 24 போல ஏதோ ஒரு மிச்சம் சேர்ந்துகொண்டே போய் ஒருநாள் கவிழ்த்துவிடும். 10-இல் 5 இருக்கிறது, 2-இல் இல்லை. முன்பு காசிமேட்டு அண்ணனுக்குச் சொன்ன அதே 5.

அதோடு நிற்கவில்லை. சுற்றாமல் நகர்ந்துகொண்டே இருப்பதால் எந்த இலக்க வரிசையைக் கேட்டாலும் அதில் தொடங்கும் 2-இன் அடுக்கு எங்கோ ஒன்று இருந்தே தீரும். வண்ணாரப்பேட்டையின் அஞ்சல் குறியீடு 600021-இல் தொடங்குவதும் உண்டு, ராயபுரத்தின் 600013-இல் தொடங்குவதும் உண்டு.

பழைய கணக்கர்

பெரிய எண்களைப் பெருக்க உதவும் மடக்கை (logarithm) அட்டவணைப் புத்தகம் என்று ஒன்று இருந்தது, இந்தத் தலைமுறை பார்த்திருக்காது. சைமன் நியூகோம் என்ற வானியலாளர் 1881-இல் அதைப் பற்றி ஒன்று எழுதினார். பலர் கைபட்ட புத்தகத்தில் 1-இல் தொடங்கும் எண்களுக்கான முன்பக்கங்கள்தான் அழுக்கேறித் தேய்ந்திருக்கின்றன. 9-இல் தொடங்கும் பின்பக்கங்கள் சுத்தமாக இருக்கின்றன என்று. 1938-இல் பென்ஃபோர்டு என்ற இயற்பியலாளர் ஆற்று நீளம், ஊர் மக்கள்தொகை என்று எதையெதையோ திரட்டி அதையே காட்டினார். முதல் இலக்கம் 1-ஆக இருப்பது ஏறத்தாழ 30.1 சதவீதம், 9-ஆக இருப்பது 4.6 சதவீதம். பொய்க் கணக்கு எழுதுபவன் எல்லா இலக்கத்தையும் சமமாகத் தூவிவிடுவான். தணிக்கைக்காரர்கள் அதை வைத்தே மோப்பம் பிடிக்கிறார்கள். 2-இன் அடுக்குகளும் இந்த விகிதத்தில்தான் வருமா?

பெரம்பூர் கணக்கு டீச்சர்

அதே விகிதம்தான் ஐயா. 1-க்கு மட்டும் நூறு அடுக்குகளில் எண்ணாமலே சொல்லிவிடலாம். இரட்டித்துக்கொண்டே போகும்போது ஓர் இலக்கம் கூடும் ஒவ்வொரு முறையும் புதிய எண் 1-இல்தான் தொடங்கும். 512-க்குப் பின் 1024, 8192-க்குப் பின் 16384. அடுத்த இரட்டிப்பில் அது 2 அல்லது 3 ஆகிவிடும். ஆகவே ஒவ்வோர் இலக்க நீளத்திலும் 1-இல் தொடங்குவது ஒன்றே ஒன்று. 2^100-க்கு 31 இலக்கங்கள். 2^1-இலிருந்து அங்கே போவதற்குள் 30 முறை நீளம் கூடுகிறது. நூறில் 30, கூடவும் இல்லை குறையவும் இல்லை.

காசிமேடு ஏலக்கணக்கு

பைத்தானைத் தம்பி மகனிடம் கேட்டுப் போட்டுக்கொண்டேன். நன்றி. 2^86 = 77371252455336267181195264. இதில் 0 எங்கேயும் இல்லை. இதற்கு மேல் போட்டதில் எல்லாம் ஒரு பூஜ்யமாவது வந்துவிடுகிறது.

ராயபுரம் ரயிலடி

நீங்கள் தொட்டது பெரிய இடம் அண்ணா. 2^86-க்கு மேல் பூஜ்யம் இல்லாத அடுக்கு எதுவும் இதுவரை கிடைக்கவில்லை. கிடைக்கவே கிடைக்காது என்பதற்கு நிரூபணமும் இல்லை.

வியாசர்பாடி விடியல்

11-ஐ யாரும் தொடவில்லையே? 11, 121, 1331, 14641. அப்படியே பிங்கலரின் மேரு என்ற எண் முக்கோணம் (பாஸ்கல் முக்கோணம்). அடுத்த வரி 1, 5, 10, 10, 5, 1; ஆனால் 11^5 = 161051. பத்துகள் பக்கத்து இலக்கத்துக்கு ஏறிவிடுவதால் குழம்புகிறது. இடம் விட்டு 101^5 போட்டால் 10510100501, மேரு தெளிவாகத் தெரிகிறது.

நிர்வாகி

மேருவுக்குத் தனி இழை தொடங்குங்கள். இங்கே 2-ஐ முடித்துக்கொள்வோம்.

பிராட்வே பழைய புத்தகம்

2-ஐ முடிப்பதென்றால் நம் பேட்டைக்காரர் ஒருவரைச் சொல்லாமல் முடிக்க முடியாது. 1912 மார்ச் 1-ஆம் தேதி துறைமுகக் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்கு எழுத்தராகச் சேர்ந்தார் ராமானுஜன். குடியிருந்தது பிராட்வே பக்கம் சைவ முத்தையா முதலி தெருவில். கேம்பிரிட்ஜ் கணிதர் ஹார்டிக்கு எழுதிய முதல் கடிதத்தின் தேதி 1913 ஜனவரி 16. அதை எல்லோரும் சொல்வார்கள். அதே 1913-இல் இந்தியக் கணிதக் கழக இதழில் வாசகர்களுக்கு அவர் விடுத்த ஒரு கேள்வியை அதிகம் பேர் சொல்வதில்லை. இதழின் கணக்கில் 464-ஆவது கேள்வி அது.

2-இன் அடுக்கிலிருந்து 7-ஐக் கழியுங்கள். எப்போது வர்க்க எண் வருகிறது?

2^3 − 7 = 1
2^4 − 7 = 9
2^5 − 7 = 25
2^7 − 7 = 121
2^15 − 7 = 32761, அதாவது 181-இன் வர்க்கம்

3, 4, 5, 7, 15. வேறு உண்டா என்று கேட்டார். ராயபுரத்தில் கணித ஆசிரியர் பி.கே.சீனிவாசன் 1993-இல் அமைத்த ராமானுஜன் அருங்காட்சியகத்துக்குப் போனவர்கள் 1729-ஐப் பற்றிப் பேசிக்கொண்டே திரும்புகிறார்கள். எனக்கு இந்த 32761 அதைவிடப் பிடித்தது. வாசகி, உங்கள் 2, 4, 8, 6 இங்கே பயன்படும். முயன்று பாருங்கள்.

கொருக்குப்பேட்டை வாசகி

முயன்றேன். வர்க்க எண்கள் 0, 1, 4, 5, 6, 9 ஆகியவற்றில்தான் முடியும். 2, 3, 7, 8-இல் முடியாது. 2-இன் அடுக்கு 2, 4, 8, 6 என்று முடிகிறது. 7-ஐக் கழித்தால் 5, 7, 1, 9. 7-இல் முடிவது வர்க்கமாக முடியாது. ஆகவே 2, 6, 10, 14, 18… என்ற அடுக்குகள் மொத்தமும் அவுட்.

5-இல் முடிவதை எடுத்தேன். 5-இல் முடியும் வர்க்கம் 25-இல்தான் முடியும். 7-ஐக் கூட்டினால் 32. என் பழைய அட்டவணையில் 32 ஒரே இடத்தில்தான் இருக்கிறது, 2^5-இல். பிறகு 20 தள்ளி 25, 45, 65. ஆகவே 1, 9, 13, 17-உம் அவுட். இருபதில் ஒன்பது போய்ப் பதினொன்று மிச்சம். 25-ஐக் கையால் போட்டேன்: 2^25 − 7 = 33554425. 5792-இன் வர்க்கம் 33547264, 5793-இன் வர்க்கம் 33558849. இடையில் மாட்டிக்கொண்டது, வர்க்கம் இல்லை.

பயிற்சி வகுப்பில் இந்தச் சுழற்சியை விடை கண்டுபிடிக்க மட்டுமே சொல்லித்தந்தார்கள். எது விடையாக இருக்க முடியாது என்று சொல்வதற்கும் உதவும் என்று யாரும் சொல்லவில்லை.

பெரம்பூர் கணக்கு டீச்சர்

இரட்டைப்படை அடுக்குகளை ஒரே வரியில் முடித்துவிடலாம். அடுக்கு இரட்டை என்றால் 2-இன் அந்த அடுக்கே ஒரு வர்க்கம். ஒரு வர்க்கத்திலிருந்து இன்னொரு வர்க்கத்தைக் கழித்து 7 வர வேண்டும். வேர்களின் கூடுதலையும் வித்தியாசத்தையும் பெருக்கினால் 7. 7-ஐ 1 × 7 என்று மட்டும்தான் பிரிக்க முடியும். கூடுதல் 7, வித்தியாசம் 1 என்றால் வேர்கள் 4-உம் 3-உம். 16 − 9 = 7. அடுக்கு 4, வேறு இல்லை.

மிச்சம் 3, 7, 11, 15, 19 குடும்பமும், 5, 25, 45 குடும்பமும். முதல் குடும்பத்தில் 7-ஐக் கழித்தால் 01, 21, 41, 61, 81 என்று முடியும். ஐந்துமே வர்க்கங்களுக்கு உரிய முடிவுகள்தான். 121, 441, 361 நினைவிருக்கட்டும். கடைசி இலக்கங்களை வைத்து இந்தக் குடும்பத்தை இதற்கு மேல் சலிக்க முடியாது. ராமானுஜனின் விடைகள் மூன்று அங்கேதான் இருக்கின்றன.

பிராட்வே பழைய புத்தகம்

வேறு இல்லை என்று நார்வே நாட்டு நாகெல் 1948-இல் நிரூபித்தார். அதற்கு √−7 என்ற எண்ணைச் சேர்த்துக்கொண்டு ஒரு புதிய எண் உலகத்தில் காரணிப்படுத்த வேண்டும். இந்த இழையில் அடங்காது. ராமானுஜன் போய் 28 ஆண்டுகள் ஆகிவிட்டிருந்தன. 1960-இல் அபெரி என்ற பிரெஞ்சுக்காரர் இன்னொன்றைக் காட்டினார்: 7-க்குப் பதில் வேறு எந்த ஒற்றைப்படை எண்ணைக் கழித்தாலும் அதிகபட்சம் இரண்டு விடைகள்தான் கிடைக்கும். 7-க்கு மட்டும் ஐந்து. ராமானுஜன் கண் அந்த 7-இல் எப்படி விழுந்தது என்பதை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் போகிறது.

கொருக்குப்பேட்டை வாசகி

7-க்குப் பதில் 15-ஐ எடுத்தேன். 16 − 15 = 1, 64 − 15 = 49. அடுக்குகள் 4, 6. அபெரி சொன்ன இரண்டு வந்துவிட்டது. வேறு இல்லை என்பதை நானே காட்டிவிட்டேன் என்று நினைக்கிறேன், சரிபாருங்கள்.

அடுக்கு ஒற்றை என்றால் 2-இன் அடுக்கு 2-இல் அல்லது 8-இல் முடியும். 15-ஐக் கழித்தால் 7 அல்லது 3. இரண்டுமே வர்க்கத்துக்கு ஆகாது. ஆகவே ஒற்றைப்படை அடுக்குகள் மொத்தமும் போயின. அடுக்கு இரட்டை என்றால் டீச்சர் வழி: 15 = 1 × 15 என்றால் வேர்கள் 8, 7. 15 = 3 × 5 என்றால் வேர்கள் 4, 1. இரண்டும் மேலே வந்த இரண்டு விடைகளே. 15-ஐ வேறு மாதிரி பிரிக்க முடியாது.

பெரம்பூர் கணக்கு டீச்சர்

முழுமையாகச் சரி, ஒரு வரிகூடக் கூட்ட வேண்டியதில்லை. அடுத்து 23-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 32 − 23 = 9, 2048 − 23 = 2025, அது 45-இன் வர்க்கம். இரட்டைப்படை அடுக்குகளை அதே வழியில் தள்ளிவிடலாம்: வேர்கள் 12-உம் 11-உம் வரும், 12 என்பது 2-இன் அடுக்கு இல்லை. ஒற்றைப்படையில் 9-உம் 5-உம் வந்து நிற்கும். 5-இல் முடிவதை உங்கள் அட்டவணையில் 48 எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சலியுங்கள். 9 மட்டும் மசியாது.